காற்று ஒரு ராத்திரி, தண்ணீர்க் கஷ்டம் பதினைந்து நாள்

கேள்வி: வேதாரண்யம் அருகே, கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. முன்கட்டு தளம் போட்டது, பின்கட்டு ஓடு. 2018 கஜா புயலில் பின்கட்டு ஓடெல்லாம் போயிற்று. கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. போர் மோட்டார் ஓடாமல் தண்ணீருக்குப் பட்ட பாடு சொல்லி மாளாது. இப்போது வீட்டில் ஆறு பேர். மாமியாருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறோம். மகளின் குழந்தைக்கு எட்டு மாதம். கல்லூரியில் படிக்கும் மகன் காட்டில் உயிர்பிழைக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் ஒரு சர்வைவல் கிட் வாங்கியிருக்கிறான். இனி எந்தப் புயல் வந்தாலும் இது போதும் என்கிறான். போதுமா? போதாது என்றால் வேறு என்ன வாங்க வேண்டும்? கொல்லையில் பழைய உறைகிணறு ஒன்று உண்டு. மோட்டார் வந்தபிறகு தகரம் போட்டு மூடிவிட்டோம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கேள்விக்கான பாதி விடை உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. அந்த உறைகிணற்றின் தகரத்தை முதலில் எடுங்கள். மகன் வாங்கிய கிட்டைப் பிறகு பார்க்கலாம்.

மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவன் கற்றுக்கொண்ட வரிசை சரியானதுதான்: முதலில் ஒதுங்க இடம், அடுத்து தண்ணீர், பிறகு நெருப்பு, கடைசியில்தான் சாப்பாடு. ஆனால் காட்டில் வழி தவறியவன் தனி ஆள். இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்தால் யாராவது வந்து மீட்பார்கள், அல்லது அவனே நடந்து வெளியேறுவான். உங்கள் நிலை அப்படியல்ல. கஜா கரை கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை, 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் நடுவே. விடிந்தபோது காற்று போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம்தான் உங்களை வதைத்தது. ஆகவே அந்த ஒரு ராத்திரிக்கு ஒரு பங்கு தயாரிப்பு என்றால், அடுத்த பதினைந்து நாளுக்கு ஐந்து பங்கு வேண்டும். அந்த ஐந்தில் நான்கு தண்ணீருக்கு.

கிட்டைப் பிரித்துப் பார்ப்போம். இப்படிப்பட்ட பைகளில் வழக்கமாக இருப்பவை விசில், சிறிய டார்ச், தீப்பொறி உண்டாக்கும் உலோகக் குச்சி, கம்பி ரம்பம், காம்பஸ், நைலான் கயிறு, வெள்ளி நிறப் போர்வை, உறிஞ்சிக் குடிக்கும் நீர்வடிகட்டி, பாம்புக்கடிக்கு விஷம் உறிஞ்சும் பம்பு. விசிலை மாமியார் கையில் கொடுங்கள். மூன்று முறை ஊதி நிறுத்தி மறுபடி மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். கத்தினால் அரை மணியில் தொண்டை கட்டிவிடும், விசில் அடிக்க அவ்வளவு மூச்சு வேண்டாம். வெள்ளிப் போர்வை நனைந்து நடுங்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் உண்மையாகவே உதவும். ஈரத்துணியைக் களைந்து உடம்பைத் துடைத்த பிறகு, முகத்தை மூடாமல் சுற்ற வேண்டும். தீப்பொறிக் குச்சியும் காம்பஸும் உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு லைட்டரும், மூடி போட்ட பாட்டிலில் நான்கு தீப்பெட்டியும் போதும். கம்பி ரம்பத்தால் விழுந்த தென்னையை அறுக்க முடியாது. கைரம்பமும் கோடாரியும் அரிவாளும் வேண்டும், அவை உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். சாணை மட்டும் பிடித்துவையுங்கள்.

பாம்புக்கடி பம்பை இன்றைக்கே குப்பையில் போடுங்கள். அது விஷத்தை வெளியே எடுக்காது, கடிவாயைப் புண்ணாக்கும். அதைவிடக் கேடு, அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தை வீணாக்குவீர்கள்.

உறிஞ்சிக் குடிக்கும் வடிகட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகன் நம்பியிருப்பது அதைத்தான். அதற்குள் நுண்துளை இழைகள் இருக்கின்றன. அவை சேற்றையும் பாக்டீரியாவையும் தடுக்கும். பெரும்பாலான வைரஸ்கள் அதைவிடச் சிறியவை, தப்பிவிடும். உப்பும் வயலிலிருந்து கரைந்து வந்த பூச்சிமருந்தும் தண்ணீரோடு அப்படியே உள்ளே போகும். மலைக்காட்டு ஓடையில் அது நல்ல கருவி. வயலும் உப்பளமும் சூழ்ந்த வேதாரண்யத்துக்கு அது ஏற்றதல்ல. வீடியோக்களில் வரும் இன்னொன்று, குழி தோண்டி மேலே பிளாஸ்டிக் விரித்து ஆவியைத் தண்ணீராக்குவது. நாள் முழுக்க வெயில் காய்ந்தாலும் ஒரு குழியில் ஒரு லிட்டர் தேறுவது கடினம். ஆறு பேருக்கு அது வழியாகாது.

இனி கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர், பத்து நாள் என்றால் 300 லிட்டர். இது குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு அல்ல. அதற்குக் கிணறு இருக்கிறது. 20 லிட்டர் கேன் ஐந்து வாங்கி நிரப்பினால் 100 லிட்டர் ஆயிற்று. மீதி 200 லிட்டரை மாடித் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும். அங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள்.

500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி காலியாக இருந்தால் காற்று அதைத் தூக்கிப் பக்கத்துத் தோப்பில் போட்டுவிடும். நிரப்பிவிட்டால் அதன் எடை அரை டன். ஆகவே எச்சரிக்கை வந்ததும் மோட்டாரைப் போட்டு விளிம்புவரை நிரப்புங்கள், மூடியைத் திருகிக் கயிற்றால் குறுக்கே கட்டுங்கள். இதுவரை பலரும் செய்வார்கள். அடுத்த காரியத்தை மறந்துவிடுவார்கள்: தொட்டிக்கு அடியில் இருக்கும் கேட்வால்வை மூட வேண்டும். ராத்திரி ஒரு கிளை முறிந்து சுவரோரம் இறங்கும் பி.வி.சி. பைப் மேல் விழுந்தால், பைப் உடைந்து 500 லிட்டரும் விடிவதற்குள் வடிந்துவிடும். காலையில் தொட்டி தன் இடத்தில் நிற்கும், உள்ளே ஒரு சொட்டு இருக்காது. பழைய கேட்வால்வுகள் துரு ஏறித் திரும்பாமல் நிற்கும். இப்போதே ஒருமுறை திருப்பிப் பாருங்கள். திரும்பாவிட்டால் மாற்றிவிடுங்கள், அல்லது தொட்டிக்கு மிக அருகில் ஒரு பந்துவால்வு வைக்கச் சொல்லுங்கள்.

கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீரை நம்பி இருக்க முடியாது. அதுவும் மின்சாரத்தால் இறைத்து அனுப்பப்படும் தண்ணீர்தான்.

இப்போது உறைகிணறு. தகரத்தை எடுத்து, ஆள் இறங்கும் முன் ஒரு வாளியில் எரியும் மெழுகுவத்தியை வைத்து அடிவரை இறக்குங்கள். அது அணைந்தால் உள்ளே மூச்சுக்காற்று இல்லை; யாரும் இறங்கக் கூடாது. வத்தி அணையாவிட்டாலும் நச்சுவாயு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே தூர் வாரப் பழகிய ஆளையே அழையுங்கள், இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் இறக்க வேண்டும். செப்டம்பருக்குள் தூர் வாரி முடித்து, மேல் உறையைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்திக் கட்டுங்கள். தெருவில் ஓடும் மழைநீர் உள்ளே போகாது. இரண்டு தூண் நிறுத்திக் குறுக்குக் கட்டையில் ராட்டினம் மாட்டி, கிணற்றின் ஆழத்தைவிட ஐந்து அடி கூடுதலாகக் கயிறும் வாளியும் வையுங்கள். கரண்ட் இல்லாத இருபதாம் நாளும் அதில் தண்ணீர் வரும். கழிப்பறைத் தொட்டி 15 மீட்டருக்குள் இருந்தால் அந்தத் தண்ணீர் துவைக்க மட்டும்.

புயலுக்குப் பின் எந்தத் தண்ணீரையும் சுத்தம் செய்யாமல் குடிக்கக் கூடாது. கலங்கலாக இருந்தால் முதலில் தெளிய வைக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் எவ்வளவு மருந்து போட்டாலும் சேறே அதைத் தின்றுவிடும். இதற்கு நம் வீடுகளில் இருந்த தேத்தாங்கொட்டையைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். மண்குடத்தின் உட்புறச் சொரசொரப்பில் கொட்டையைத் தண்ணீர் தொட்டு இழையுங்கள். சந்தனம்போல வெள்ளையாக ஒரு விழுது இறங்கும். அதன் மேல் தண்ணீரை ஊற்றி, அகப்பையால் மெதுவாக ஐந்து நிமிடம் கலக்கிவிட்டு மூடிவையுங்கள். சேறு திரிதிரியாகச் சேர்ந்து சில மணி நேரத்தில் அடியில் உட்காரும். குடத்தை அசைக்காமல் மேல்தெளிவை மட்டும் நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி எடுங்கள். இது தெளிவாக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்து கண்ணாடிபோல இருக்கிறதே என்று குடித்தவர்கள்தான் வயிற்றுப்போக்கில் விழுகிறார்கள்.

கிருமியைக் கொல்ல இரண்டு வழி. ஒன்று, தளதளவென்று கொதிக்கவிட்டு ஒரு நிமிடம் வைப்பது. எரிபொருள் இருந்தால் இதுவே சிறந்தது, குழந்தைக்கு இதுதான். மற்றது பிளீச்சிங் பவுடர். 33 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடர் 30 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். அரை மணி தெளியவிட்டு மேலே நிற்கும் தெளிவை மட்டும் நிறமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, 'மருந்து, குடிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டுங்கள். இருமல் மருந்தோடு வரும் அளவுமூடி போதும்: தெளிந்த தண்ணீர் 20 லிட்டருக்கு இந்தக் கரைசல் 5 மி.லி., கொஞ்சம் கலங்கலாகவே இருந்தால் 10 மி.லி. கலக்கி அரை மணி நேரம் மூடிவையுங்கள். திறந்தால் குளோரின் வாடை லேசாக வர வேண்டும். வரவில்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை விட்டு, இன்னும் அரை மணி. அப்போதும் வாடை இல்லையென்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கரைசலை வாரம் ஒருமுறை புதிதாகச் செய்யுங்கள். பவுடரும் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். போன வருடப் பொட்டலத்தை நம்பாமல் ஒவ்வொரு அக்டோபரிலும் புதிதாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில், மருந்து மாத்திரைகளுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தள்ளி வையுங்கள்.

உறைகிணற்றில் வெள்ளநீர் புகுந்துவிட்டால் கணக்கு வேறு. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்குங்கள், எல்லாம் மீட்டரில். மூன்றடி உறை என்றால் 0.9 மீட்டர், நீர் 2.5 மீட்டர் நின்றால் சுமார் 1,590 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் வீதம் கால் கிலோ பவுடரை வாளியில் கரைத்து ஊற்றி, ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் வாடை போகும்வரை இறைத்துவிடுங்கள்.

ஆனால் புகுந்தது கடல் தண்ணீர் என்றால் இப்படி வேகமாக இறைக்கக் கூடாது. கொதிக்கவைத்தாலும் மருந்து போட்டாலும் உப்பு போகாது. உங்கள் பகுதியில் மணலுக்குள் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய அடுக்காக உப்புநீரின் மேல் மிதக்கிறது. வெறியோடு இறைத்தால் மேலடுக்கு தீர்ந்து, கீழே இருக்கும் உப்பு ஏறிவரும். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறுகளை மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்து, பல இடங்களில் உப்பு இன்னும் கூடியது. ஒருமுறை மெதுவாக இறைத்து, சேற்றை எடுத்துவிட்டு, மழைக்கு விட்டுவிடுங்கள்.

மழைதான் உங்களுக்கு அடுத்த துணை. நமக்குப் புயல் வருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில், ஆகவே பின்னாலேயே மழையும் இருக்கும். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் தார்ப்பாய் ஒன்றை நான்கு மூலையும் கட்டி, ஒரு பக்கம் தாழ்த்தி, அண்டாவை வைத்தால் 10 மி.மீ. மழைக்கு 120 லிட்டர்வரை சேரும். முதல் பத்து நிமிடத் தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள். புயல் ராத்திரியில் பிடித்த மழைநீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடல்திவலை கலந்து கரிக்கலாம்.

கஜாவுக்குப் பின் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தொட்டி நிரப்பியவர்கள் உண்டு. நீங்களும் தெருவாகச் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். ஒரு எச்.பி. மோட்டார் ஓட 750 வாட்தான் என்று 1 கே.வி.ஏ. ஜெனரேட்டரைக் கொண்டுவந்தால் அது உறுமிவிட்டு நின்றுவிடும். கிளம்பும்போது மோட்டார் மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும், 3 கே.வி.ஏ. வேண்டும். ஜெனரேட்டர் வயரை மோட்டார் ஸ்டார்ட்டருக்கு நேராகக் கொடுக்க வேண்டும். வீட்டு பிளக்கில் சொருகினால் மின்சாரம் பின்னோக்கிக் கம்பத்துக்குப் போய், வயரைச் சரிசெய்துகொண்டிருக்கும் லைன்மேன் உயிர் போகும். உங்களுக்குக் கரண்ட் கொடுக்க வெளியூரிலிருந்து வந்து கம்பத்தில் ஏறியவரை நாமே கொல்லக் கூடாது. ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில்கூட வைக்காதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாடையில்லாமல் ஆளைக் கொல்லும்.

மாமியாரின் இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ் இல்லாமலும் வழி உண்டு. திறந்து பயன்படுத்தும் குப்பி, பெரும்பாலான வகைகளில், 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் நான்கு வாரம் தாங்கும். உங்கள் குப்பியோடு வரும் தாளில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய மண்சட்டியில் ஈரமணல், அதற்குள் சிறிய சட்டி, அதற்குள் உலர்ந்த டப்பாவில் குப்பி, மேலே ஈரத்துணி, நிழலில். அடைமழை நாளில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும், ஆனால் நவம்பரில் அதுவே போதும். ஐஸ் கட்டி மேல் நேராக வைத்து உறையவிட்டால் மருந்து செத்துவிடும். ஒரு மாத மருந்தும் ஊசியும் கையில் இருக்கட்டும். இதைவிட முக்கியம், சாப்பாடு சரியாகக் கிடைக்காத நாளில் எத்தனை யூனிட் போடுவது என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குவது. சாப்பிடாமல் வழக்கமான அளவு போட்டால் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், உளறல் வரும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108.

குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து வாங்கிவையுங்கள். தீர்ந்துபோனால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமமட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து, தோராயமாகப் போடாதீர்கள். பெரியவர்களின் சாப்பாட்டுக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு, அரிசி, இதற்குமேல் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவது? டிவியில் சொல்லும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் உரியது. 11 என்பது 10ஐவிடப் பெரிய புயல் அல்ல, எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் மாவட்டத்துக்கான நிறமும் கரை கடக்கும் நேரமும். சிவப்பு என்றால் மாமியாரும் குழந்தையும் மகளும் முதல்நாள் பகலிலேயே புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. கஜாவைப்போல ராத்திரி கரை கடக்கும் புயலுக்கு மாலை ஐந்து மணியோடு எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும். பொதுவாக நம் கிழக்குக் கரையில் புயல் உங்களுக்குத் தெற்கே கரை கடந்தால் காற்று கடலிலிருந்து அடித்துக் கடல்நீரை உள்ளே தள்ளும். ஆனால் வேதாரண்யத்துக்குக் கிழக்கிலும் தெற்கிலும் கடல், ஆகவே இந்தக் கணக்கை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இருப்பவர்கள் தளம் போட்ட முன்கட்டிலேயே இருங்கள், ஓட்டுக்கட்டில் வேண்டாம். சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நடுவே காற்று சட்டென்று அடங்கி, வானம்கூடத் தெளியலாம். அது புயலின் கண். வெளியே போய் ஓடு பார்க்கக் கூடாது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் பாதியில் ஒருபக்கம் சாய்ந்து நின்ற மரம் அப்போதுதான் விழும்.

காலையில் கதவைத் திறந்ததும் தரையில் கிடக்கும் எந்த வயரையும் உயிருள்ளதாகவே நினையுங்கள். தேங்கிய நீரில் வயர் கிடந்தால் அந்த நீரிலும் கால் வைக்க வேண்டாம். வளைந்து அழுத்தம் ஏறிக் கிடக்கும் கிளையை வெட்டும்போது அது வில்லாகத் தெறிக்கும். வளைவின் உட்புறத்தில் முதலில் சிறிது வெட்டு, பிறகு வெளிப்புறம், பக்கவாட்டில் நின்றபடி. பாம்புகள் உலர்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வந்திருக்கும். கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாது, ஆகவே தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு. வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் எலிக்காய்ச்சலா என்று கேளுங்கள்.

செல்போன் டவர் டீசல் தீரும்வரைதான். பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய ரேடியோ வாங்குங்கள். 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் 5,000 எம்.ஏ.எச். போனை நான்கு முறை நிரப்பும் என்று நினைப்பீர்கள். இரண்டரை முறைதான் வரும்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள், அவன் ஆர்வம் வீணாக வேண்டாம். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஞாயிறு மாலை ஆறுவரை போடாமல் இருங்கள். மாமியாரின் இன்சுலின் மட்டும் அன்று பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ராட்டினத்தில் இறைத்து, தெளியவைத்து, மருந்து விட்டு, ஆறு பேரும் அந்தத் தண்ணீரிலேயே ஒரு நாளை ஓட்டட்டும். எத்தனை குடம் ஆயிற்று, எது தீர்ந்தது, எது தேடியும் கிடைக்கவில்லை என்று அவன் ஒரு நோட்டில் எழுதட்டும். அந்தப் பட்டியலில் இருப்பதை மட்டும் வாங்குங்கள்.